கியூ-சுவிட்ச், மோபா, யூவி, பிக்கோ: பட்டறைக்கு எந்த லேசர்?

மலேசியாவின் பாடாங் செராய், லூனாஸ் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் பெயர் பொறிக்கும் லேசர் வாங்க நினைப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணே, 20 வாட் போதுமா, 30 எடுக்கணுமா?" வாட் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. ஒரே 20 வாட்டை ஓர் இயந்திரம் நொடிக்கு 20,000 துடிப்புகளாகத் தரும். இன்னொன்று 2 லட்சமாகப் பிரித்துத் தரும். முதலாவது எவர்சில்வர் தகட்டில் பள்ளம் எடுக்கும். இரண்டாவது அனோடைஸ் செய்த (மின்வேதி முறையில் ஆக்சைடு அடுக்கு ஏற்றிய) அலுமினியத்தில் அழியாத கறுப்பு எழுத்து போடும். ஒருவகைத் துடிப்பின் வேலையை மற்றது செய்யாது, எத்தனை வாட் ஏற்றினாலும் சரி. அதனால் துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு விலைப் பட்டியலைத் திறப்பது நல்லது.

மரம், அக்ரிலிக், ரப்பர் முத்திரை மட்டும்தான் உங்கள் தொழில் என்றால் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம். 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளக் கார்பன் டை ஆக்சைடு லேசர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறை அளவு இயந்திரத்தில் வெற்று உலோகம் மட்டும் அதற்கு வசப்படாது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் பொருள். கடைக்கு வரும் பத்து வேலைகளில் எத்தனை எவர்சில்வர், எத்தனை வெள்ளி, எத்தனை அனோடைஸ் அலுமினியம், எத்தனை பிளாஸ்டிக் என்று எழுதிப் பாருங்கள். இந்தக் கணக்குப் போடாமல் இயந்திரம் எடுத்தவர்தான் பிறகு "கறுப்பே வரமாட்டேங்குது" என்று தலையில் கை வைக்கிறார்.

இரண்டாவது, துடிப்பின் நீளம், அதை மாற்ற முடியுமா என்பது. மூன்றாவது, ஒரு துடிப்பில் எவ்வளவு ஆற்றல். நான்காவது, ஒரு துண்டு முடிய எத்தனை நிமிடம் என்பது. கூலியைத் தீர்மானிப்பது இதுதான். ஐந்தாவது நம் ஊருக்கே உரியது: ஈரக்காற்று, இடி மின்னல், எறும்பு. கடைசியாக, கெட்டுப்போனால் யார் பார்ப்பார், எங்கே அனுப்ப வேண்டும்.

துடிப்பு நீளம் ஏன் இவ்வளவு முக்கியம்? துடிப்பு விழும் நேரத்துக்குள் சூடு உலோகத்தில் எவ்வளவு தூரம் பரவும் என்று கணக்கிடலாம்: வெப்பப் பரவல் எண்ணை நேரத்தால் பெருக்கி, நான்கால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் போதும். எவர்சில்வரில் 100 நானோ நொடித் துடிப்புக்கு (நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) அது சுமார் 1.3 மைக்ரோமீட்டர். 10 நானோ நொடிக்கு 0.4. 10 பிக்கோ நொடிக்கு (பிக்கோ என்பது நானோவில் ஆயிரத்தில் ஒன்று) வெறும் 13 நானோமீட்டர். அலுமினியமும் வெள்ளியும் சூட்டை வேகமாகக் கடத்துபவை. அதே 100 நானோ நொடியில் அலுமினியத்தில் 6, வெள்ளியில் 8 மைக்ரோமீட்டர் வரை போய்விடும். பரவல் அதிகமென்றால் உருகல், விளிம்புக் கசிவு, மெல்லிய தகடு வளைதல் எல்லாம் கூடவே வரும். குறைவென்றால் மேற்பரப்பு மட்டும் மாறும், அடிப்பகுதிக்குச் செய்தி போகாது. பள்ளம் வேண்டும் என்பவருக்கு முதலாவது நல்லது. நிறம் வேண்டும் என்பவருக்கு இரண்டாவது.

## கியூ-சுவிட்ச் ஃபைபர்

லேசர் அறைக்குள் (இரு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள பகுதி) ஒளி முன்னும் பின்னும் ஓடிப் பெருகுவதை வேண்டுமென்றே தடுத்து வைப்பதுதான் தந்திரம். உள்ளே இருக்கும் ஒலி-ஒளி சுவிட்சில் ரேடியோ அலை ஓடும்போது ஒளி பாதை விலகி வீணாகிறது, லேசர் எழும்புவதில்லை. ஆனால் பம்ப் டையோடுகள் ஆற்றலை ஊட்டிக்கொண்டே இருக்கும். ஃபைபரில், அதாவது கண்ணாடி இழையில், கலந்திருக்கும் இட்டர்பியம் அயனிகள் அதை ஏறக்குறைய 1 மில்லி நொடி வரை பிடித்து வைக்கக்கூடியவை. ரேடியோ அலையைச் சட்டென்று நிறுத்தினால் சேர்ந்த ஆற்றல் மொத்தமும் ஒரே துடிப்பாக வெளியே வரும். இந்த யோசனையை 1961-இல் முன்வைத்தவர் ஹெல்வார்த். மறு ஆண்டே மெக்லங்குடன் சேர்ந்து ரூபி லேசரில் செய்தும் காட்டினார்.

அந்தத் துடிப்பு எவ்வளவு குறுகும் என்பதை அறையின் நீளம் முடிவு செய்கிறது. ஒளி சில சுற்று ஓடித்தான் பெருகவும் வடியவும் முடியும். அறையில் 4 மீட்டர் ஃபைபர் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: போய்வர கிட்டத்தட்ட 40 நானோ நொடி. ஆகவே துடிப்பு 100 நானோ நொடி அளவில்தான் நிற்கும். 30 செ.மீ. அறை கொண்ட பழைய யாக் படிகக் கம்பி லேசருக்குப் போய்வர 2 நானோ நொடிதான்; அதனால் அது 5 முதல் 20 நானோ நொடி வரை குறுக்கித் தரும். ஃபைபர் இயந்திரம் விற்பவர் "சாஃப்ட்வேரில் குறைச்சுக்கலாம்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். அது கண்ணாடி இழையின் நீளம், மென்பொருளுக்குக் கட்டுப்படாது.

20 வாட் இயந்திரம் 20 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் ஒரு துடிப்புக்கு 1 மில்லிஜூல். அதை 100 நானோ நொடிக்குள் அடைத்தால் உச்சத் திறன் 10 கிலோவாட். அதிர்வெண்ணை 80 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் ஆற்றல் கால் மில்லிஜூல் ஆகும். அதோடு முடியவில்லை: சேர்த்து வைக்க நேரம் குறைவதால் துடிப்பும் நீண்டுவிடும், உச்சத் திறன் இரண்டு பக்கமும் அடி வாங்கும். "ஃப்ரீக்வன்சி ஏத்தினா எழுத்து வெளுக்குது" என்ற புகாருக்கு இதுதான் காரணம்.

இன்னொரு குறை முதல் துடிப்பு. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில் லேசர் சும்மா இருக்கும் நேரத்தில் ஆற்றல் கூடுதலாகச் சேர்ந்துவிடும். அடுத்த கோடு தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய புள்ளி விழும். முதல் துடிப்பை அடக்கும் வசதி லேசர் மூலத்திலும் (ஒளியைப் பிறப்பிக்கும் பெட்டி) கட்டுப்பாட்டு அட்டையிலும் இருக்கிறது. ஆனால் மலிவான இயந்திரங்களில் சரியாக அமைத்து அனுப்புவது அரிது. சிறு எழுத்துகளில், குறிப்பாகத் தமிழ் எழுத்தில், இது அசிங்கமாகத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளியும் தொடக்கப் புள்ளியும் ஒன்று போலவே கிடக்கும்.

எங்கே இதுவே சிறந்தது: செம்பனை ஆலைக்குச் சொத்து எண் தகடு, தோட்டக் கருவிகளுக்கு அடையாளம், பூட்டு, சாவி வில்லை, கோயில் உபயப் பாத்திரம். ஆலைத் தகடு பற்றி ஒரு வார்த்தை. ஸ்டெரிலைசர் அருகில் 3 பார் அழுத்த நீராவியும் எண்ணெய்ப் பிசுக்கும் நாள் முழுக்க அடிக்கும். அங்கே கறுப்பாகச் சூடேற்றி எழுதிய எண் நிலைக்காது. குரோமியம் பாதுகாப்பு அடுக்கு கெட்டுப்போய் எழுத்தோடு துருவும் ஏறும். 0.2 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிக் கொடுத்தால் எண்ணெய் படிந்தாலும் விரலால் தடவிப் படிக்கலாம்.

எவர்சில்வரில் கறுப்பு எழுத்து இதில் வரவே வராதா? வரும், கொஞ்சம் கெஞ்சவேண்டும். குவியத்திலிருந்து 2–3 மி.மீ. விலக்கி, 60–80 கிலோஹெர்ட்ஸில், நொடிக்கு 100–200 மி.மீ. வேகத்தில் ஓட்டினால் ஆக்சைடு மெல்ல வளர்ந்து கறுக்கும். காலையில் வந்த நிறம் மாலையில் வராது, தகட்டின் தடிமன் மாறினாலும் வராது. நூறு துண்டும் ஒரே நிறத்தில் வேண்டும் என்ற ஆர்டருக்கு இதை நம்பி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

## மோபா ஃபைபர்

இங்கே துடிப்பைப் பிறப்பிப்பது ஒரு சிறிய விதை டையோடு. அதற்குப் போகும் மின்னோட்டத்தைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் ஒளியும் துண்டு துண்டாக வரும். அந்தப் பலவீனமான ஒளி இட்டர்பியம் ஃபைபர் பெருக்கிகள் வழியே ஒரே ஒரு முறை போய் வலுப்பெறுகிறது. கண்ணாடிகளுக்கு நடுவே சுற்றி ஓடும் வேலை இல்லாததால் துடிப்பின் நீளத்தை மின்சுற்றே தீர்மானிக்கும். சந்தையில் உள்ளவை பொதுவாக 2 நானோ நொடியிலிருந்து 350 அல்லது 500 நானோ நொடி வரை தருகின்றன. அதிர்வெண்ணும் மெகாஹெர்ட்ஸைத் தாண்டும்.

இதில் பலர் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. துடிப்பைக் குறுக்கினால் உச்சத் திறன் தாறுமாறாக ஏறும் என்று நினைக்கிறார்கள். ஏறாது. மெல்லிய இழைக்குள் ஒளி அளவு மீறினால் ராமன் சிதறல் போன்றவை கிளம்பி இழையையே சேதமாக்கும், அதனால் தயாரிப்பாளர் உச்சத்துக்கு ஒரு கூரை போட்டிருக்கிறார். அந்தக் கூரை 10 கிலோவாட் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். 100 நானோ நொடிக்கு 1 மில்லிஜூல். 20 வாட்டும் கிடைக்க 20 கிலோஹெர்ட்ஸ் போதும். 10 நானோ நொடிக்கு 0.1 மில்லிஜூல்தான், அதே 20 வாட் வேண்டுமானால் 200 கிலோஹெர்ட்ஸ். 4 நானோ நொடிக்கு 500 கிலோஹெர்ட்ஸ். துடிப்பைக் குறைத்துவிட்டு அதிர்வெண்ணைப் பழைய 30-லேயே விட்டால் தகட்டில் கீறல்கூட விழாது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று விற்றவருக்குப் போன் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள். எந்த நீளத்துக்கு எந்தக் குறைந்தபட்ச அதிர்வெண் என்ற அட்டவணை மூலத்தின் கையேட்டில் இருக்கும். அதை அச்சடித்து இயந்திரத்தின் மேல் ஒட்டிவைப்பது உத்தமம்.

அனோடைஸ் அலுமினியத்தில் கறுப்புக்குத் தொடக்கப் புள்ளி: 4–10 நானோ நொடி, 200–500 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 1000 மி.மீ. அளவில் வேகம், கோட்டிடைவெளி 0.01 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. ஆக்சைடு அடுக்கு வெடித்துச் சிதறாமல் அதற்கு உள்ளும் அடியிலும் நுண்கட்டமைப்பு மாறுவதால் ஒளி உள்ளேயே சிக்கிக் கறுப்பாகத் தெரிகிறது. அதே இடத்தில் 100 நானோ நொடித் துடிப்பைப் போட்டால் அடுக்கு உடைந்து வெள்ளை அல்லது சாம்பல்தான் வரும். விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: சொரசொரப்பாக இருந்தால் துடிப்பு நீளம், அல்லது ஆற்றல் அதிகம். வழவழப்பாக, ஆனால் பழுப்பாக இருந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு நேரம். 50 மி.மீ. அகலம், 20 மி.மீ. உயரமுள்ள ஒரு கறுப்புப் பட்டை 0.01 மி.மீ. இடைவெளியில் 2,000 கோடுகள். மொத்தம் 100 மீட்டர் ஓட்டம். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் 100 நொடி, திரும்பும் நேரம் தனி. 200 துண்டு என்றால் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல். கியூ-சுவிட்சில் 0.05 இடைவெளியில் அதே பரப்பு 20 நொடி. கூலி பேசும்போது "சின்ன எழுத்துத்தானே" என்று ஒப்புக்கொண்டால் அன்றைய இரவு இயந்திரத்தோடுதான்.

இன்னொரு மறைவு: கட்டுப்பாட்டு அட்டையும் மென்பொருளும் துடிப்பு நீளத்தை மாற்ற அனுமதிக்க வேண்டும். லேசர் அமைப்புப் பக்கத்தில் அந்தத் தெரிவைத் திறக்காவிட்டால் பல்ஸ் வித் பெட்டி கண்ணிலேயே படாது, இயந்திரம் ஆலையில் வைத்த ஒரே நீளத்தில் ஓடும். மோபாவுக்குக் காசு கொடுத்துவிட்டு கியூ-சுவிட்சாகவே ஓட்டும் கடைகள் இருக்கின்றன.

எங்கே சிறந்தது: குளிம் ஹை-டெக் பார்க், சுங்கை பட்டாணி பக்கத் தொழிற்சாலைகளுக்கு ஜிக், பிக்ஸ்சர் (பொருளைப் பிடித்து நிறுத்தும் சட்டங்கள்) செய்யும் துணைப் பட்டறைகள். அங்கே அனோடைஸ் அலுமினியத்தில் கறுப்புப் பாக எண், கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வெளிர் எழுத்து இரண்டும் கேட்பார்கள். எவர்சில்வரில் சீரான கறுப்பு, நிறப் படம் எல்லாம் இதில்தான் ஒழுங்காக வரும். பள்ளம் எடுப்பது மட்டுமே வேலை என்றால் மோபாவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்; அந்தப் பணத்தில் அதே கியூ-சுவிட்சை 50 வாட்டாக எடுங்கள்.

## யூவி, 355 நானோமீட்டர்

புற ஊதா ஒளி தரும் இதுவும் கியூ-சுவிட்ச்தான், ஃபைபருக்குப் பதில் நியோடிமியம் கலந்த வனடேட் படிகம். அறை குட்டை என்பதால் துடிப்பு 10–20 நானோ நொடி அளவில் இருக்கும். வெளிவரும் 1064 நானோமீட்டர் ஒளியை எல்பிஓ எனப்படும் ஒரு படிகம் 532 ஆக்குகிறது. அந்த 532-ஐயும் மிச்சமுள்ள 1064-ஐயும் இரண்டாவது படிகம் கலந்து 355 ஆக்குகிறது. 3 அல்லது 5 வாட் என்று விற்பார்கள். குறைவாகத் தெரியும், ஆனால் இங்கே வேலை செய்வது வாட் அல்ல, அலைநீளம். ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 3.5 எலக்ட்ரான் வோல்ட். 1064-இல் அது 1.17 தான். வெள்ளைப் பிளாஸ்டிக்குக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு; அது 1064-ஐக் கண்டுகொள்ளாது, 355-ஐ விழுங்கிக் கருமையாகும். சுவிட்ச் பெட்டி, சார்ஜர், மருந்துக் குப்பி மூடி போன்றவற்றில் உருகாமல், நுரைக்காமல் எழுத்து வருவது இதனால்தான். குவியப் புள்ளியும் 12–15 மைக்ரோமீட்டர் அளவுக்குச் சின்னது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், முதலில் தண்ணீர்க் குளிரூட்டி. நம் ஊரில் ரோலர் ஷட்டர் திறந்த கடையில் 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரமும் இருந்தால் பனிநிலை (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஏறக்குறைய 26 டிகிரி. குளிரூட்டியை வழக்கமான 25-இல் வைத்தாலே தலைக்குள் வியர்க்கும். படிகத்தின் முகப்பில் ஒரு துளி ஈரம் பட்டு அதன் மேல் லேசர் ஓடினால் அந்த இடம் வெந்துபோகும். இந்த இயந்திரத்துக்குக் கதவடைத்த, குளிர்சாதன அறை கட்டாயம்: 24 டிகிரி, 55 விழுக்காடு ஈரம் என்றால் பனிநிலை 14–15 டிகிரிக்கு இறங்கிவிடும், பயமில்லை. காலையில் வந்ததும் முதலில் ஏர்கோன், அறை காய்ந்த பிறகு குளிரூட்டி, கடைசியில் லேசர். மாலையில் நேர் எதிர் வரிசை. வடிநீர்தான் ஊற்ற வேண்டும், பாசி பிடிக்குமுன் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, வாட் எண்ணின் சூது. அலைநீளம் மாற்றும் படிகங்கள் உச்சத் திறனை நம்பி வாழ்பவை. 5 வாட் என்பது ஏதோ ஓர் அதிர்வெண்ணில், உதாரணமாக 40 கிலோஹெர்ட்ஸில் அளந்தது. 100-க்கு ஏற்றினால் யூவி சட்டென்று சரியும். எந்த அதிர்வெண்ணில் அளந்தது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. மூன்றாவது, படிகத்தில் ஒளி படும் இடம் காலப்போக்கில் தேயும். நல்ல மூலங்களில் அதை நகர்த்தும் வசதி இருக்கும், மலிவானவற்றில் மூலத்தையே மாற்றச் சொல்வார்கள்.

எவர்சில்வரில் பள்ளம் எடுக்க இதை வாங்கினால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

## பிக்கோ, ஃபெம்டோ: மோட்-லாக்

இதன் இயற்பியல்தான் எல்லாவற்றிலும் அழகு. பட்டறைக்கு எல்லாவற்றிலும் தூரம்.

ஒரு லேசர் அறைக்குள் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான அதிர்வெண்கள் சேர்ந்து ஓடலாம். 1.5 மீட்டர் அறை என்றால் அவற்றுக்கு இடையே 100 மெகாஹெர்ட்ஸ் சமமான இடைவெளி. சாதாரணமாக ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓடும். தைப்பூசத்தில் நூறு உறுமிகள் நூறு வேகத்தில் அடித்தால் வெறும் இரைச்சல். ஆனால் எல்லோரும் ஒரே கணத்தில் தொடங்கி, வேகங்களும் சம இடைவெளியில் இருந்தால், குறித்த நேரத்துக்கு ஒருமுறை எல்லா அடியும் ஒன்றாக விழும். அந்த ஒரே அடிதான் துடிப்பு. எத்தனை அகலமான அதிர்வெண் பட்டை ஒன்றாகச் சேர்கிறதோ அத்தனை குறுகிய துடிப்பு. நியோடிமியம் யாக்கின் பட்டை சுமார் 120 கிகாஹெர்ட்ஸ், அதனால் சில பிக்கோ நொடியில் நின்றுவிடும். டைட்டானியம் கலந்த நீலக்கல் 650 முதல் 1100 நானோமீட்டர் வரை ஒளி தருவதால் 5 ஃபெம்டோ நொடி (பிக்கோவில் ஆயிரத்தில் ஒன்று ஃபெம்டோ) வரை போயிருக்கிறார்கள்.

இப்படி எல்லா அதிர்வெண்ணையும் ஒன்றாகப் பூட்டி வைப்பதே மோட்-லாக். அதைச் செய்வது எப்படி? 1964-இல் ஹீலியம்-நியான் லேசரில் ஒலி-ஒளி மாடுலேட்டரை அறையின் சுற்றுக்காலத்துக்கு ஏற்ப ஆட்டிச் செய்தார்கள். பின்னர் வந்தவை தாமாகவே பூட்டிக்கொள்பவை: பலவீனமான ஒளியை விழுங்கி வலுவான ஒளியை மட்டும் விடும் உறிஞ்சிக் கண்ணாடி, அல்லது வலுவான ஒளி தன்னைத் தானே குவித்துக்கொள்ளும் கெர் விளைவு.

ஆனால் இப்படி வரும் துடிப்பு மிகச் சிறியது. 1 வாட்டை 100 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் 10 நானோஜூல். தகட்டுக்குக் கூச்சம்கூடக் காட்டாது. ஆகவே துடிப்புகளில் சிலதை மட்டும் பொறுக்கியெடுத்து, மீதியைத் தள்ளிவிட்டு, பெருக்கி வழியே அனுப்ப வேண்டும். ஃபெம்டோவில் நேராகப் பெருக்கினால் பெருக்கியே உடையும் என்பதால் முதலில் நேரத்தில் நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்குகிறார்கள். டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் மூரூவும் 1985-இல் ரோச்செஸ்டரில் செய்தது இதுதான். 2018 நோபல் பரிசில் ஒரு பங்கு அதற்குத்தான். விதை, பொறுக்கி, நீட்டி, பெருக்கி, சுருக்கி என்று ஐந்து அடுக்கு. ஒவ்வொன்றும் வெப்பநிலை கொஞ்சம் நகர்ந்தாலே முகம் சுளிக்கும். விலை மற்றவற்றின் வரிசையிலேயே இல்லை.

துருப்பிடிக்காத கறுப்பு வேண்டிய அறுவைச் சிகிச்சைக் கருவி, நீலக்கல் கண்ணாடி, சில்லுத் தொழிற்சாலை வேலை ஆகியவற்றுக்கு இது இல்லாமல் முடியாது. அப்படி ஓர் ஆர்டர் வந்தால் இயந்திரம் வைத்திருக்கும் இடத்துக்குக் கூலிக்கு அனுப்பிவிடுங்கள். இணையச் சந்தையில் "பிக்கோ" என்று பெயர் போட்டு விற்கும் கைப்பேனாக்களுக்குள் மோட்-லாக் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவைக்கலாம்.

## ஒரே பார்வையில்

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரிங்கிட் போடவில்லை; மேலிருந்து கீழாக விலை கூடும் வரிசை மட்டும் மாறுவதில்லை.

| | துடிப்பு பிறக்கும் விதம் | துடிப்பு நீளம் | நன்றாக வருவது | வராதது | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| கியூ-சுவிட்ச் ஃபைபர் | சேர்த்து வைத்துத் திறத்தல் | சுமார் 100 நானோ நொடி, விருப்பப்படி மாற்ற முடியாது | உலோகப் பள்ளம், தகடு | அனோடைஸ் கறுப்பு, வெள்ளைப் பிளாஸ்டிக் | முதல் துடிப்புப் புள்ளி, நிறம் நிலையாமை |
| மோபா ஃபைபர் | விதை டையோடு, பெருக்கி | 2–500 நானோ நொடி, மாற்றலாம் | அனோடைஸ் கறுப்பு, நிறம், கறுப்புப் பிளாஸ்டிக் | வெள்ளைப் பிளாஸ்டிக் பெரும்பாலும் | நேரம், அமைப்பு கற்கும் உழைப்பு |
| யூவி | கியூ-சுவிட்ச், இரு படிகங்கள் | 10–20 நானோ நொடி | வெள்ளைப் பிளாஸ்டிக், நுண்ணெழுத்து, கண்ணாடி | ஆழப் பள்ளம் | ஏர்கோன் அறை, குளிரூட்டி, படிகத் தேய்வு |
| பிக்கோ, ஃபெம்டோ | மோட்-லாக், பெருக்கி | பிக்கோ நொடிக்கும் கீழ் வரை | துருவாக் கறுப்பு, நீலக்கல் | சின்னக் கடையின் வரவு செலவு | எல்லாமே |

## எதை எடுத்தாலும் வரும் தலைவலிகள்

பால்குடம். தைப்பூசத்துக்கு முன் வெள்ளியிலும் எவர்சில்வரிலும் பெயர் பொறிக்கக் குவியும். 160 மி.மீ. லென்ஸில் ஃபைபர் லேசரின் புள்ளி சுமார் 46 மைக்ரோமீட்டர். குவியம் மேலும் கீழும் 1 மி.மீ. வரைதான் தாங்கும். 15 செ.மீ. விட்டமுள்ள குடத்தில் 40 மி.மீ. அகலப் பெயர் என்றால் நடுவுக்கும் ஓரத்துக்கும் 2.7 மி.மீ. வளைவு. நடுவில் குவித்தால் ஓர எழுத்துகள் மங்கும். 30 மி.மீ. அகலத்துக்குள் என்றால் வளைவு 1.5 மி.மீ. தான், குவியத்தை நடுவிலும் ஓரத்திலும் அல்லாமல் இரண்டுக்கும் இடையில் வைத்துச் சமாளிக்கலாம். நீளப் பெயருக்குச் சுழல் அச்சு வாங்குங்கள், அல்லது 254 மி.மீ. லென்ஸ் மாட்டுங்கள். பின்னதில் தாங்கும் ஆழம் 2.6 மி.மீ. ஆகிறது, பதிலுக்குப் புள்ளி 73 மைக்ரோமீட்டராகப் பெருத்து, ஒரு பரப்பில் விழும் ஆற்றல் இரண்டரை மடங்கு குறையும். "பெரிய லென்ஸ் ஃப்ரீ" என்று தரும் கடைக்காரர் இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்வதில்லை.

திரும்பும் ஒளி. வெள்ளி, தங்கம், செம்பு மூன்றும் 1064 ஒளியை ஏறக்குறைய முழுசாகத் திருப்பி அனுப்பும். மெருகேற்றிய தட்டை லென்ஸுக்கு நேர் கீழே வைத்தால் அது வந்த வழியே மூலத்துக்குள் போகும். ஐசொலேட்டர் தடுக்கும் என்றாலும் எல்லை உண்டு. பொருளை 3–5 டிகிரி சாய்த்து, வேலையை நடுப்புள்ளியிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கண். 1064-உம் 355-உம் கண்ணுக்குத் தெரியாது, இமை மூடிக் காப்பாற்றாது. 1064-க்கான கண்ணாடி 355-க்கு உதவும் என்று எண்ண வேண்டாம், அதில் அச்சிட்ட அலைநீளத்தைப் படியுங்கள். வளைந்த பாத்திரம் ஒளியை எந்தத் திசைக்கும் எறியும். கடைக்குள் பிள்ளைகள் சுற்றும் இடமானால் மூடிய பெட்டி இயந்திரம்தான்.

புகை. பிவிசி வேண்டவே வேண்டாம், ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை ஆளையும் தின்னும், லென்ஸையும் தின்னும். பித்தளையும் துத்தநாகம் பூசிய தகடும் வெளியே உறிஞ்சும் விசிறி இல்லாமல் கூடாது.

மழைக்காலம். இடி விழும் மாலையில் பிளக்கைக் கழற்றி வைப்பதே நல்ல பாதுகாப்பு. அதோடு எர்த் சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரிடம் அளந்து வாங்குங்கள். லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். இரவில் கழற்றி சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்கலாம். கட்டுப்பாட்டுப் பெட்டியின் துளைகளில் கொசுவலைத் துணி ஒட்டுங்கள். எறும்புக்கு அந்த இளஞ்சூடு ரொம்பப் பிடிக்கும்.

## யாருக்கு எது

எவர்சில்வரும் பித்தளையும் ஆலைத் தகடும்தான் பெரும்பகுதி என்றால் கியூ-சுவிட்ச், 30 அல்லது 50 வாட். யோசிக்க ஒன்றுமில்லை.

தொழிற்சாலைத் துணை வேலை கொஞ்சமாவது வருகிறது, போன் உறை, அனோடைஸ் சாவி வில்லை போன்ற பரிசுப் பொருளும் விற்கிறீர்கள் என்றால் மோபா, 20 அல்லது 30 வாட். ஒரே இயந்திரம்தான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் இதுவே என் பரிந்துரை. நீண்ட துடிப்பில் வைத்தால் கியூ-சுவிட்சின் வேலை முழுவதையும் இது செய்யும், எதிர்ப்பக்கம் அப்படி இல்லை.

யூவியை முதல் இயந்திரமாக எடுக்காதீர்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் ஆர்டர் கையில் எழுத்து மூலமாக வந்து, அதற்குத் தனி அறையும் கட்டிவிட்டால் இரண்டாவதாக எடுக்கலாம்.

## பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய சோதனை

விற்பவர் காட்டும் மாதிரித் தகட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் பொருளையே கொண்டுபோங்கள்: ஒரு எவர்சில்வர்த் தகடு, ஒரு கறுப்பு அனோடைஸ் துண்டு, ஒரு வெள்ளை சுவிட்ச் மூடி, ஒரு பழைய வெள்ளிக் கிண்ணம். இயந்திரம் அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு அடிக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த இயந்திரத்தின் முதல் துண்டு எப்போதும் அழகாகவே இருக்கும்.

அனோடைஸ் துண்டில் 2 மி.மீ. நீளத்துக்கு இருபது கோடுகள், இடைவெளி விட்டு விட்டு. ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் உருண்டை தெரிந்தால் முதல் துடிப்பு அடங்கவில்லை. அடுத்து எவர்சில்வரில் 20 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 1000 மி.மீ. வேகத்தில் ஒரு நேர்க்கோடு: துடிப்புகள் 50 மைக்ரோமீட்டருக்கு ஒன்றாக விழும், புள்ளி 46. நகைக்கடைக்காரர் பயன்படுத்தும் பத்து மடங்கு லூப்பில் பார்த்தால் மணிகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் வட்டமாக நிற்க வேண்டும். முட்டையாக நீண்டிருந்தால் லென்ஸோ ஒளிக்கற்றையோ கோணலாக இருக்கிறது. அதே கோட்டைப் பரப்பின் நான்கு மூலைகளிலும் போடச் சொல்லுங்கள்.

மோபா என்றால் பல்ஸ் வித் பெட்டியை உங்கள் கண்ணெதிரே 200-லிருந்து 6-க்கு மாற்றச் சொல்லி, அதிர்வெண்ணைத் தொடாமல் ஒருமுறையும் 350 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றி ஒருமுறையும் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி எழுத்து வந்தால் அந்தப் பெட்டி எதனோடும் இணைக்கப்படவில்லை. யூவி என்றால் திறன்மானி வைத்து உங்களுக்கு வேண்டிய அதிர்வெண்ணில் வாட்டை அளந்து தரச் சொல்லுங்கள். கடைசியாக மூலத்தின் வரிசை எண்ணைப் படம் பிடித்து, அந்த மூலத்தைத் தயாரித்தவருக்கே மின்னஞ்சல் அனுப்பி உத்தரவாதத் தேதியையும், பழுதானால் மலேசியாவில் பார்ப்பார்களா, பெட்டி கட்டிச் சீனாவுக்கு அனுப்ப வேண்டுமா, அந்த அனுப்புச் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள்.